ரெண்டு ஒயருக்கும் பொட்டு

உள்ள போச்சு. ஒயர் நுனியில பேட்டரி செல்லை வெச்சதும் டப்புன்னு ஒரு சின்னச் சத்தம், ஸ்பீக்கரோட கோன், அந்தக் காயிதக் கூம்பு, உள்ள போச்சு. வெளிய வரோணும். கடிகாரத்துல இருந்து கழட்டின பழைய செல்லு, தீர்ற கட்டத்துல இருக்கும்னு சொல்லிக்கிட்டு இன்னொரு வாட்டி வெச்சேன். அப்பவும் உள்ளதான் போச்சு. தீர்ந்த செல்லா இருந்தா கம்மியா அசையும், தெசை மாறாது, இது எனக்குத் தெரியாதா. முப்பத்தொரு வருஷம் பம்ப் கம்பெனியில டெஸ்டிங் பெஞ்சுல நின்னவன் நான். என்ற பெஞ்சைத் தாண்டிப் போன மோட்டார் ஒண்ணு திருப்பிச் சுத்துச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும் பாக்கலாம். எடது பக்கத்து ஸ்பீக்கருக்கு வெச்சுப் பாத்தேன், அது சமத்தா வெளிய வருது. வலதுதான் உள்ள போகுது. ரெண்டும் ஒண்ணா முன்னால வந்து ஒண்ணா பின்னால போகோணும், அதுக்குத்தான் பிளஸ் மைனஸ்னு போட்டு வெச்சிருக்கறான். ஒண்ணு தள்றப்ப ஒண்ணு இழுத்தா நடுவுல இருக்கற காத்து எந்தப் பக்கந்தான் போகும், அடி வயித்துச் சத்தமெல்லாம் அங்கயே செத்துப் போகும். பெயிண்ட் அடிக்க வந்தவங்க செட்டை நகத்தி வெச்சுட்டுப் போனாங்க, திருப்பி எடத்துல வெக்கறப்ப ஒயரையும் ஒருக்கா சுத்தம் பண்ணி மாட்டலாம்னு நான்தான் கழட்டினேன், ஆம்ப்ளிபயர் பக்கம் மட்டும், எது செவப்பு ஓட்டையில இருந்துச்சு எது கறுப்புல இருந்துச்சுன்னு பாத்துப் பாத்துத்தான் கழட்டினேன். மாட்டறதுக்கு முன்னால ஒரு டெஸ்ட் போடுவோம்னு கை தானாப் போச்சு, பழக்கதோஷம். பேசாம மாட்டித் தொலைச்சிருக்கலாம். இப்பக் கரண்ட் இல்லை, நாலு மணிக்கு வரும், ஆறுக்குத் திரும்பப் போயிரும். என்ற ஊட்டுக்காரி கருணாம்பா மூணரைக்கே மாவு மில்லுக்குப் போயிட்டா, கரண்ட் வர்றதுக்கு முன்னால வரிசையில நின்னாத்தான் அஞ்சு மணிக்குள்ள அரைச்சுட்டு வர முடியும். அஞ்சரைக்கு அம்சவேணி டீச்சர் வர்றாங்க, கோயில் கமிட்டியில இருந்து, அவளை மறுபடியும் பாடக் கேக்கறதுக்கு. அதுக்குள்ள இவளுக்கு நான் என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணியாகோணும். சொல்றதா வேண்டாமான்னே மொதல்ல முடிவு பண்ணோணும்.

அவ வெச்ச பொட்டுதான் காரணம். ஆமா, அவதான். வலது ஸ்பீக்கரைத் திருப்பிப் பாத்தா இன்னும் இருக்குது, சந்தனம் உதிர்ந்து போச்சு, குங்குமக் கறை மட்டும் காப்பி சிந்தின மாதிரி ஒயர் மேல நிக்குது, ரெண்டு ஒயர் மேலயும். எடதுல ஒண்ணு மேலதான். அன்னிக்கு ஆயுத பூஜை, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, மழை வர்ற மாதிரி மூடிட்டு இருந்துச்சு. வெடியாலயே எந்திரிச்சு செட்டைத் தொடைக்கறதுக்காக எல்லாத்தையும் கழட்டினேன். பொட்டி நம்ம ஆசாரி பண்ணினது, உள்ள ஸ்பீக்கர் நானே வாங்கிப் போட்டது, ஒயரு கம்பெனியில வெட்டி மிஞ்சின வெள்ளை ஒயரு. ரெண்டு கம்பியும் ஒரே வெள்ளை. எது பிளஸ்னு தெரியோணுமேன்னு குங்குமச் சிமிழ்ல வெரலை முக்கி ரெண்டு பக்கமும் பிளஸ் கம்பிக்கு மட்டும் ஒரு சொட்டு வெச்சுட்டு, சாம்பப் பூசணி வாங்கறதுக்கு ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள இவ சந்தனக் கிண்ணியோட ஒரு ரவுண்டு முடிச்சுட்டா. மிக்சிக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு, சைக்கிளுக்கு, தையல் மெஷினுக்கு, பேன் ரெகுலேட்டருக்குக்கூட ஒண்ணு. வலது ஸ்பீக்கர்ல இன்னொரு ஒயருக்கும். "ஏம்புள்ள, இதுக்கு எதுக்கு வெச்ச?"ன்னேன். "ஒண்ணுக்கு இருந்துச்சுங்க, ஒண்ணு மூளியா இருந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா மூளியா விடலாமுங்களா, அதான்"னா. எடது பக்கம் என்ற நாற்காலிக்குப் பின்னால இருந்துச்சு, அவ கண்ணுல படலை. செரி, இப்ப எது பிளஸ்? ஒரு செல்லும் மீட்டரும் இருந்தா ரெண்டு நிமிஷ வேலை. மீட்டரு, டெஸ்டரு, கட்டிங் பிளேயரு, ஸ்பேனர் செட்டு, டார்ச்சுல கெடந்த செல்லு முதக்கொண்டு எல்லாம் சாமி படத்துக்கு முன்னால வாழையிலையில அடுக்கியாச்சு, பொரி போட்டாச்சு, அடுத்த நாள் வெளக்கு வெச்சுக் கற்பூரம் காட்டற வரைக்கும் தொடக் கூடாது. பூஜைக்கு நாதஸ்வரக் கேசட் போட்டாகோணும், அதனால செட்டை மட்டும் பூஜையில வெக்கலை. சாமானைத் தொடாம கையாலயே திருகி, குத்துமதிப்பா ஒண்ணைச் செவப்புல சொருகினேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லிக்கிட்டேன். அடுத்த நாள் மொத ஷிப்டு. அந்த நாளைக்கு இன்னிக்குத்தான் வந்துச்சு, பன்னெண்டு வருஷம் கழிச்சு. பொட்டு வெச்சது அவ. ஆனா குத்துமதிப்பாச் சொருகினது அவ இல்லை. கம்பெனியில ஒரு ட்ரெய்னி குத்துமதிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவனைக் கேட்டு வரைக்கும் தொரத்தியிருப்பேன்.

அவ சொன்னா. சொல்லலைன்னு சொன்னா என்ற நாக்கு அழுகிப் போகும். அந்தத் தீவாளிக்குள்ளயே சொன்னா, ஏனுங்க, பாட்டு முந்தி மாதிரி இல்லீங்களே, பாடறவங்க எங்க நின்னு பாடறாங்கன்னே தெரியலீங்க, முதுகுக்குப் பின்னால இருந்து வர்ற மாதிரி இருக்குதுங்க. எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. கேக்காம என்ன, நான் உக்கார்றது எடது ஸ்பீக்கருக்குப் பக்கத்துல, சன்னலோரம், பிரம்பு நாற்காலியில. பேப்பர் படிக்க வெளிச்சம், வீதியில யார் போறா வர்றான்னு தெரியும், சத்தத்தைக் கூட்டக் கொறைக்கக் கைக்கு எட்டும். ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே உக்காந்தவனுக்கு இன்னொண்ணு திருப்பி இருந்தா என்ன தெரியும், ஒண்ணும் தெரியாது. அவளுக்கு நடு எடம். நாந்தான் குடுத்தேன், பெரிய வள்ளல் மாதிரி. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவுல சோபாவைப் போட்டு, பாட்டுக் கேக்கறதுக்கு இதுதான் ராஜா சீட்டு, நீ உக்காருன்னு சொன்னேன். ஒறம்பரைன்னு யாராவது ஊட்டுக்கு வந்தாலும் அதையே சொல்லிப் பெருமையடிச்சேன், எங்க ஊட்ல அவளுக்குத்தான் நல்ல சீட்டுன்னு. இந்த மாதிரி தப்பு இருந்தா நடுவுலதான் எல்லாமே கெட்டுப் போகும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தச் சோபாவுல போய் உக்காந்து கேட்டிருந்தா மொதப் பாட்டுலயே கண்டுபிடிச்சிருப்பேன். பன்னெண்டு வருஷம், தெனமும் சாயந்தரப் பொழுதோட ஒரு மணி நேரம் பாட்டு, நான் ஒரு நாள்கூட அவ எடத்துல உக்காரலை. எதுக்கு உக்காரோணும், எனக்குத்தான் என்ற எடம் இருக்குதே. நாற்காலிக் கையில வார்னிஷ்கூடப் போயிருச்சு, நான் வெரலை வெக்கற எடத்துல. அவ மூணாவது தடவை சொன்னப்ப எனக்குக் கோவம் வந்துருச்சு. செட்டுல கோளாறுன்னு சொல்றது என்ற வேலையில கோளாறுன்னு சொல்றதுதான், எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. உன்ற காதுலதான் ஏதோ இருக்குது, வா, டாக்டர்கிட்டப் போலாம்னு கூட்டிட்டே போயிட்டேன். காது டாக்டர் டொய்ங்குன்னு ஒரு கம்பியைத் தட்டித் தட்டி வெச்சுப் பாத்தாரு, ஒரு ரூமுக்குள்ள உக்கார வெச்சு ஹெட்போன் மாட்டிவிட்டாரு, வெளிய வந்து, அம்மாவுக்குக் காது பிரமாதமா இருக்குது, நம்ம ரெண்டு பேரோடதையும்விட நல்லா இருக்குதுன்னு சிரிச்சாரு. அவளும் சிரிச்சா. நான் சிரிக்கலை. பஸ்ஸுல அவ வெளிய பாத்துட்டே வந்தா, அதுக்கப்பறம் செட்டைப் பத்தி வாயைத் தொறக்கவே இல்லை.

கரண்ட் வந்துருச்சு. பேன் சுத்துது. மில்லுலயும் வந்திருக்கும், இந்நேரம் அவளுக்கு முன்னால நாலு பேராவது இருப்பாங்க. மாத்தி மாட்டறதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா, ஆகாது. செவப்புல இருந்ததைக் கறுப்புல, கறுப்புல இருந்ததைச் செவப்புல. மாட்டினேன். இதோட பேசாம விட்டுட்டா என்ன. அவ வந்து உக்காந்து பாட்டுக் கேப்பா, இன்னிக்கு நல்லா இருக்குதுங்களேன்னு சொல்லுவா, பெயிண்ட் அடிச்சதுனால இருக்கும்னு நான் சொல்லிருவேன். தப்பு சரியாயிருச்சு, யாருக்கும் நோவு இல்லை. அதுதான் முடிய மாட்டேங்குது. எல்லாப் பாட்டும் போகட்டும், அந்த ஒரு கேசட் இருக்குதே. அவ அப்ப வெள்ளிக்கெழமை கோயில்ல பாடிட்டு இருந்தா, கூட ஏழெட்டுப் பொம்பளைங்க, இவ குரல்தான் முன்னால நிக்கும். கும்பாபிஷேகம் வந்துச்சு. தமிழய்யா ஒருத்தர் நம்ம கோயில் மேல பத்துப் பாட்டுக் கட்டியிருந்தாரு, அதைக் கேசட்டாப் போடறதுன்னு கமிட்டியில முடிவு, கருணாம்பா பாடட்டும்னு எல்லாரும் ஒரே வாயாச் சொன்னாங்க. வாரத்துல நாலு நாள் பொழுதோட பயிற்சி. நான் ஷிப்டு முடிஞ்சு வந்தா ஊடு பூட்டியிருக்கும், சாவி பக்கத்து ஊட்ல, சோறு ஆறிக் கெடக்கும். கம்பெனியில அந்த வெங்கிடுசாமி இருக்கறானே, கேன்டீன்ல எல்லாரும் இருக்கறப்ப, குழந்தைவேலண்ணா, ஊட்டுக்காரம்மா பாட்டுக்காரி ஆயிட்டாங்களாமா, இனி நீங்க ஆர்மோனியப் பொட்டி தூக்கப் பழகிக்கோணும்ன்னான். சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஊட்டுக்கு வந்து அன்னிக்குச் சோத்துல உப்பில்லைன்னு தட்டை நகத்தி வெச்சேன், உப்பு இருந்துச்சு. அடுத்த வாரந்தான் ஸ்டுடியோவுல மாதிரிக்கு மூணு பாட்டு எடுத்து ஒரு கேசட் குடுத்து விட்டாங்க, ஊட்ல போட்டுக் கேட்டுட்டு வாங்க அக்கா, செரின்னா முழுசா எடுத்துரலாம்னு. அவ காலைக் கழுவிட்டு, வெளக்கு வெச்சுட்டு, எனக்குக் காப்பி குடுத்துட்டு, அப்பறந்தான் கேசட்டை எடுத்தா. சோபாவுல நடுவுல உக்காந்தா. நான் என்ற நாற்காலியில.

மூணு பாட்டு. அவ மொகம் மொதப் பாட்டுலயே சுண்டிப் போச்சு. ஒரே குரலை ரெண்டு ஸ்பீக்கர்லயும் அப்படியே விட்டா, ஒண்ணு திருப்பி இருக்கறப்ப நடுவுல உக்கார்றவங்களுக்கு என்ன கேக்கும்னு எனக்கு இப்பத் தெரியும். மெலிஞ்சு, காத்தாட்டம், அடியே இல்லாம, எங்கிருந்து வருதுன்னு தெரியாம. அவ கேட்டா, ஏனுங்க, என்ற குரல் இப்படித்தான் இருக்குதுங்களா. அவ்வளவுதான் கேட்டா. நான் என்ன சொல்லியிருக்கோணும். எனக்கு என்ன கேட்டுச்சோ அதைச் சொல்லியிருக்கோணும். எனக்கு எடது ஸ்பீக்கர்ல இருந்து அவ குரல் முழுசா, கனமா, கிட்டத்துல நின்னு பாடற மாதிரி கேட்டுச்சு. இப்படிக்கூடப் பாடுவாளா இவன்னு உள்ளுக்குள்ள ஒரு நிமிஷம் திக்குனு ஆச்சு. ரெண்டாவது பாட்டுல ஒரு எடத்துல மேல போய் நின்னு எறங்குவா, அந்த எடத்துல காப்பி டம்ளரைக் கீழ வெச்சுட்டேன். அதையெல்லாம் சொல்லலை. காது நல்லா இருக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, மெஷின் பொய் சொல்லாது. இதைத்தான் சொன்னேன். பேப்பரைப் பிரிச்சுட்டே சொன்னேன். ரெண்டும் நெசந்தானே, காதும் நல்ல காது, மெஷினும், மெஷின் நல்ல மெஷின்னுதான் நான் நெனைச்சேன். அப்ப மிச்சம் என்ன இருக்குது, குரல்தான். அதை அவளே கூட்டிக் கழிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். ஒயர் மாறினது எனக்குத் தெரியாது, அதைக் கொண்டு போய் எந்தக் கோர்ட்டுலயும் சொல்லலாம். ஆனா நல்லா இருக்குதுன்னு எனக்குத் தெரியும். இந்த எடத்துக்கு வந்து வந்து நின்னுக்குது மனசு. ஒயர், ஒயர்னு ஓடிட்டு இருந்தவன் இங்க வந்து முட்டிக்கறேன். ஒயர் சரியா இருந்திருந்தாலும் நான் வேற ஏதாவது சொல்லியிருப்பேன், சுதி செரியில்லைன்னு, மைக் ஒத்துக்கலைன்னு, ஏதோ ஒண்ணு. அவ எந்திரிச்சா. அப்பறம் கேசட்டை எடுத்து உறையில போட்டு உள்ள கொண்டு போயிட்டா. அடுத்த நாளே கமிட்டிக்குச் சொல்லி அனுப்பிச்சுட்டா, தொண்டை செரியில்லைங்க, வேற ஆள் பாத்துக்குங்கன்னு. ஒண்டிப்புதூர்ல இருந்து காந்திமதின்னு ஒரு அம்மா வந்து பாடினாங்க. மார்கழி பூரா வெடியால அஞ்சு மணிக்கு அந்தக் கேசட்டைத்தான் கோயில் மைக்குல போடறாங்க, வருஷா வருஷம். கருணாம்பா வாசல்ல கோலம் போட்டுட்டு இருப்பா. நான் சன்னல்ல இருந்து பாத்திருக்கறேன், ஒதடு அசையும், சத்தம் வராது. வெள்ளிக்கெழமைப் பாட்டுக்கும் போறதில்லை. சமையக்கட்டுல முணுமுணுக்கறதுகூட இல்லை. ஊட்ல அமைதியா இருந்துச்சு, சோறு நேரத்துக்குச் சூடா வந்துச்சு, நான் வேண்டாம்னு சொல்லலை. போன வாரம் அம்சவேணி டீச்சர் கோயில்ல பாத்து, அடுத்த கும்பாபிஷேகம் வருது, இந்த வாட்டியாவது பாடுங்க கருணாம்பான்னு கேட்டதுக்கு, குரல் போயிருச்சுங்க டீச்சர்ன்னா. நான் பக்கத்துல செருப்பு மாட்டிட்டு இருந்தேன். நீங்க யோசிச்சு வைங்க, நான் நேர்ல வர்றேன்னு டீச்சர் சொல்லிட்டுப் போனாங்க. அவங்கதான் இன்னிக்கு வர்றாங்க.

கேசட் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். தையல் மெஷின் டிராயர்ல, பாபினுக்கும் ஊக்கு டப்பாவுக்கும் அடியில. தூக்கிப் போட மனசு வரலையோ என்னமோ. எடுத்தேன். உறையில அவ கையெழுத்து, தேதி மட்டும். டெக்குல போட்டுட்டு நாற்காலிக்குத்தான் போனேன், கால் அங்கதான் போகுது. திரும்பி வந்து சோபாவுல நடுவுல உக்காந்தேன். அவ உக்காந்து உக்காந்து கொஞ்சம் பள்ளமா இருக்குது. மொதல்ல டேப்பு ஓடற இரைச்சல், அப்பறம் யாரோ இருமினாங்க, ஒரு வளையல் சத்தம். அப்பறம் அவ வந்தா. வந்தான்னுதான் சொல்லோணும். ரெண்டு பொட்டிக்கும் நடுவுல வெறும் சொவுரு இருக்குது, புதுப் பெயிண்ட் வாசம் அடிக்குது, அங்க ஆள் நிக்கற ஒசரத்துல இருந்து குரல் வருது. நாப்பத்தொரு வயசுக் குரல். மூச்சு வாங்கறது தெரியுது. எச்சில் முழுங்கறது தெரியுது. பயந்துக்கிட்டே ஆரம்பிச்சு, ரெண்டாவது அடியில பயம் போயிருது. அந்த எடம் வந்துச்சு, மேல போய் நிக்கற எடம். எனக்குக் கண்ணு நெறைஞ்சுருச்சு. கெழவன் அழுதா யாருக்கு என்ன. நான் இவளுக்கு எவ்வளவு பெரிய அநியாயம் பண்ணியிருக்கறேன். என்னை இதுக்கு யாரும் திட்டினதில்லை, அவளும் திட்டினதில்லை, அதான் இவ்வளவு நாள் வண்டி ஓடிருச்சு. சொல்லிருவோம்னு தோணுச்சு. ஒயரைச் சொல்லுவோம். ஒயரைச் சொன்னா அவ பாடுவா, குரல் நல்லாத்தான் இருந்துச்சுன்னு தெரிஞ்சா பாடாம என்ன. இன்னொண்ணை எதுக்குச் சொல்லோணும். டீச்சர் வர்றதுக்குள்ள ஒயரைச் சொல்லிட்டாப் போதும், எல்லாம் சரியாப் போயிரும்னு நெனைச்சேன்.

வாசல் கேட்டு தொறக்கற சத்தம் வந்துச்சு. செருப்பைக் கழட்டிட்டு, மாவு டின்னை இடுப்புல வெச்சுட்டு வாசப்படியில நின்னா. நிறுத்துவோம்னு கை போச்சு, நிறுத்தலை. எந்திரிச்சு, "இங்க வந்து உக்காரு புள்ள"ன்னேன். "மாவு சூடா இருக்குதுங்க, கொட்டி ஆறப் போடோணும்"னா. "இருக்கட்டும், ஒரு பாட்டு"ன்னேன். டின்னை மடியில வெச்சுட்டு சோபா நுனியில உக்காந்தா. மூணாவது பாட்டு ஓடுச்சு. தலைமுடியில மாவு, புருவத்துல மாவு, மொகத்துல ஒண்ணும் தெரியலை. பாதிப் பாட்டுல, "அன்னிக்கு இப்படி இல்லீங்களே"ன்னா. "வலது ஸ்பீக்கர்ல ஒயர் மாறி இருந்துச்சு. நடுவுல உக்காந்தா குரல் கெட்டுப் போய்த்தான் கேக்கும். இத்தனை நாளா அப்படித்தான் இருந்திருக்குது"ன்னேன். "எப்ப மாறுச்சுங்க?" "அந்த ஆயுத பூஜையில." அவ யோசிச்சா. எனக்கு முன்னாலயே அங்க போயிட்டா. "நான் ரெண்டுக்கும் பொட்டு வெச்சேனே, அதுலதான் மாறிப் போச்சுங்களா?"ன்னா. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பொய்கூட இல்லை, அவளே ஏத்துக்குவா, அவ எல்லாத்தையும் அப்படித்தான் ஏத்துக்கறா. வாய் வரைக்கும் வந்துச்சு. "இல்லை. பொட்டுல ஒண்ணும் இல்லை. நான் சரி பாக்கலை"ன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். "இன்னொண்ணும் இருக்குது. அன்னிக்கு நான் உக்காந்திருந்த எடத்துல உன்ற குரல் நல்லாத்தான் கேட்டுச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் சொல்லலை"ன்னேன். சொல்லிட்டுத் தரையைப் பாத்துட்டு நின்னேன். அவ டின்னு மூடியை அழுத்தி மூடினா, அது மூடித்தான் இருந்துச்சு. "தெரியுமுங்க"ன்னா.

"என்ன தெரியும்?" "உங்க வெரலு நாற்காலிக் கையில தாளம் போட்டுட்டு இருந்துச்சு. மூணு பாட்டுக்கும் போட்டுச்சு. நான் செட்டைப் பாக்கலைங்க, உங்களைத்தான் பாத்துட்டு இருந்தேன்." எனக்கு அது தெரியாது, சத்தியமாத் தெரியாது, வெரல் என்ன பண்ணுச்சுன்னு எவன் பாத்தான். "அப்பறம் ஏன் நிறுத்தின?"ன்னேன். "தாளம் போட்டுட்டே மெஷின் பொய் சொல்லாதுன்னீங்களே"ன்னா. கோவமாச் சொல்லலை, கடையில வாங்கின சாமானைச் சொல்ற மாதிரி சொன்னா. "பாடப் போக வேண்டாம்னு சொல்றீங்கன்னு புரிஞ்சுது. செரின்னு இருந்துட்டேன். குரலுக்காகவா நிறுத்தினேன்." நான் மேல மேல பேசினேன், "இப்பப் பாடு, டீச்சர் வந்தாச் செரின்னு சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நானே கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன்"னு என்னென்னமோ. அவ எந்திரிச்சா. "அதையும் நீங்கதான் சொல்லோணுமுங்களா?"ன்னா. "மாவு ஆறலைன்னா கட்டி புடிச்சுக்கும்"னு சமையக்கட்டுக்குப் போயிட்டா. பேப்பர் விரிக்கற சத்தம், மாவு கொட்டற சத்தம். கேசட் முடிஞ்சு டெக்கு டக்குன்னு நின்னுச்சு. நான் மறுபடியும் சோபாவுலதான் உக்காந்தேன், வேற எங்க உக்கார்றதுன்னு தெரியலை. கொஞ்ச நேரத்துல டீச்சர் வந்துட்டாங்க. கருணாம்பா கையைத் தொடைச்சுட்டு வாசலுக்குப் போனா. உள்ள வாங்கன்னா, இல்லை இன்னும் நாலு ஊடு போகோணும், நீங்க என்ன முடிவு பண்ணினீங்கன்னு டீச்சர் கேட்டாங்க. "இல்லீங்க டீச்சர், நான் பாடலை"ன்னா. "குரலுக்கு டாக்டரைப் பாத்தீங்களா, மாத்திரை ஏதாவது குடுத்தாங்களா?"ன்னு டீச்சர் விடாமக் கேட்டாங்க. "குரலுக்கு ஒண்ணும் இல்லீங்க டீச்சர், அது நல்லாத்தான் இருக்குது. எனக்கு வேண்டாம், அவ்வளவுதானுங்க"ன்னா. நான் நடு எடத்துல உக்காந்திருந்தேன், அங்க எல்லாமே தெளிவாக் கேட்டுச்சு.